குற்றக் கதையில் காதல் ஜோடி: ரசிகர் தீர்ப்பும் நடிப்பின் அளவும்

தமிழ்க் குற்றப் படங்களைப் பற்றிய ரசிகர் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. கொலையாளி யார் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்ததா என்பது ஒன்று. நாயகனும் நாயகியும் பொருந்தினார்களா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் படம் முடியும்போதே விடை கிடைத்துவிடும். அதன்பின் அதில் பேச அதிகம் இருக்காது. இரண்டாவது கேள்வி பல ஆண்டுகள் நீளும். 'காக்க காக்க' வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் அன்புச்செல்வன், மாயா என்ற பெயர்கள் சேர்ந்தே சொல்லப்படுகின்றன.

ஜோடிப் பொருத்தம் பற்றிய பேச்சை மேலோட்டமான ரசனை என்று விமர்சகர்கள் ஒதுக்குவதுண்டு. குற்றக் கதையைப் பொறுத்தவரை அந்த ஒதுக்கல் பொருந்தாது. குற்றக் கதையின் அடிப்படைக் கேள்வி, யாரை நம்பலாம் என்பது. காதல் கதையின் அடிப்படைக் கேள்வியும் அதுவே. இரண்டும் ஒரே படத்தில் சேரும்போது, நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை உண்மையா நடிப்பா என்று பார்வையாளர் எடைபோட்டபடியே இருக்கிறார். ஆகவே ஜோடியைப் பற்றி ரசிகர் சொல்லும் கருத்து பல நேரங்களில் நடிப்பைப் பற்றிய தீர்ப்பாகவே அமைகிறது. 1954 முதல் இன்றுவரையிலான சில தமிழ்க் குற்றக் கதைகள் இதற்குச் சான்று. அவற்றுள் இரண்டு, புதுச்சேரியைக் கதைக்களத்தில் கொண்டவை.

பொருத்தம் பார்க்கும் மரபு

காதலர் இருவரின் பொருத்தத்தை ஆராய்வது தமிழில் திரைப்படத்தோடு தொடங்கியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே இருக்க வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுக்கிறது. குடிப்பிறப்பு, வயது, உருவம், செல்வம் ஆகிய புறப் பொருத்தங்களோடு அன்பு, மன அடக்கம், அருள், உணர்வு ஆகிய அகப் பொருத்தங்களும் அதில் இடம்பெறுகின்றன. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதையே மெய்ப்பாடு என்கிறோம். நகை, அழுகை, அச்சம் போன்ற மெய்ப்பாடுகளை விளக்கும் அதே இயல்தான் காதலர் ஒப்புமையையும் பேசுகிறது. நடிப்பையும் ஜோடியையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்கு இது பழைய சான்று.

நாடக மேடையில் இந்த வழக்கம் பொதுமக்களின் பேச்சானது. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களை அடுத்த தலைமுறையில் பெரும்புகழுக்குக் கொண்டுசென்றவர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். இலங்கையில் மேடையில் இணைந்த இருவரும் 1927-ல் மணந்துகொண்டனர். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்று அவர்கள் பாடியதைக் கேட்க மக்கள் திரண்டனர். மேடைக் காதலும் வாழ்க்கைக் காதலும் ஒன்றாகிவிட்டதை அறிந்தே அந்தக் கூட்டம் ரசித்தது. 1933-ல் கிட்டப்பா மறைந்தபின், எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவோடு சுந்தராம்பாள் வாழ்ந்தார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம்.

திரைப்படத்தில் ஜோடி வணிகத்தின் அச்சாணி ஆனது. எம்.ஜி.ஆர்.–சரோஜாதேவி, எம்.ஜி.ஆர்.–ஜெயலலிதா, சிவாஜி–பத்மினி, ஜெமினி–சாவித்திரி என்று இணைத்துச் சொல்வதே வழக்கமாயிற்று. 1965 முதல் 1973 வரை எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் 28 படங்களில் சேர்ந்து நடித்தனர். சேர்ந்து நடிக்கும் படங்கள் கூடக்கூட, முந்தைய படத்தின் நெருக்கத்தை அடுத்த படத்துக்கும் ரசிகர் கொண்டுவருவார். குற்றக் கதையை எழுதுபவருக்கு இது கைம்முதல். பார்வையாளர் ஏற்கெனவே நம்பும் ஜோடியை வைத்து அந்த நம்பிக்கையையே உடைக்கலாம்.

மன்றம் நாயகனுக்கு, பேச்சு ஜோடிக்கு

ரசிகர் மன்றங்கள் எப்போதும் ஒற்றை நட்சத்திரத்தை மையமாகக் கொண்டவை. மதுரையில் கள ஆய்வு செய்து 1993-ல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் எளிய குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் என்று காட்டினார். அத்தகைய அமைப்புகளின் வலிமையைப் புதுச்சேரி நன்கு அறியும். 1972-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி முதன்முதலில் ஆட்சியமைத்தது தமிழ்நாட்டில் அன்று, 1974 மார்ச்சில் புதுச்சேரியில்தான். அந்த ஆட்சி சில வாரங்களே நீடித்தது. எனினும் நட்சத்திர ரசனை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை அது காட்டியது.

ஜோடிக்கென்று மன்றம் கிடையாது. கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நாயகனுக்கே. ஜோடி பற்றிய கருத்து வீட்டுக் கூடத்திலும் பேருந்திலும் கல்லூரி வாசலிலும் உருவாகிறது. அதில் பெண்களின் குரல் மன்றங்களில் இருப்பதைவிட அதிகம். மன்றத்து ரசிகர் நாயகனின் பக்கமே நிற்கக் கடமைப்பட்டவர். ஜோடியைப் பேசுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாயகி தனியே நன்றாக நடித்தார், நாயகன் ஈடுகொடுக்கவில்லை என்று அவரால் சொல்ல முடியும். ஒருவருக்கு எதிரே மற்றவர் எப்படி நடிக்கிறார் என்பதைக் கவனிப்பதால், அவருடைய தீர்ப்பு நடிப்பின் நுணுக்கத்துக்கு அருகில் வருகிறது.

பொருத்தம் உடையும் மூன்று படங்கள்

1954 ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்' தமிழின் முதல் பாடலில்லாத படம். ஏ.வி.எம். தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையில் வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் பிணமாகச் சாய்வது அன்றைய ரசிகருக்குப் பெரும் அதிர்ச்சி. ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் ராஜன் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறார். கடைசியில் அவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்பதும், இறந்தது மனைவி உஷாவின் கையால் என்பதும் வெளிப்படுகின்றன. உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற இந்தப் படம் அக்காலத்தில் வணிக வெற்றி பெறவில்லை. டூயட் பாடாத கணவன் மனைவியை, அதிலும் கணவனைக் கொல்லும் மனைவியை, ஜோடி என்று ஏற்க அன்றைய கூட்டம் தயாராக இல்லை. பின்வந்த தலைமுறைகளோ அதையே படத்தின் சிறப்பாகக் கொண்டாடின. ஒரே வீட்டில் வாழ்ந்தும் கணவனை முழுதாக அறியாத பெண்ணின் தவிப்பைப் பண்டரிபாய் அடக்கமான நடிப்பில் கொண்டுவந்தார் என்பது இன்று பொதுவான மதிப்பீடு.

பத்தாண்டுகளுக்குப் பின், 1964 செப்டம்பரில் வந்த 'புதிய பறவை'யில் காதலே துப்பறியும் கருவியாகிறது. தாதா மிராசி இயக்கிய இந்தப் படம் வங்காளப் படமொன்றின் தழுவல். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் செல்வந்தர் கோபால், லதாவைச் சந்தித்துக் காதலிக்கிறார். திருமணம் நெருங்கும் வேளையில், இறந்துபோன மனைவி சித்ரா தான்தான் என்று ஒரு பெண் வந்து நிற்கிறாள். கோபால் எவ்வளவு மறுத்தும் யாரும் நம்பவில்லை. இறுதியில் உண்மையைத் தானே சொல்லியாக வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகி, சித்ரா தன் கையால் இறந்ததை லதாவிடம் ஒப்புக்கொள்கிறார். அப்போதுதான் லதா காவல்துறையைச் சேர்ந்தவர் என்பது தெரிகிறது.

இந்த ஒரு திருப்பம் சரோஜாதேவியின் நடிப்பை முதலிலிருந்து மீண்டும் பார்க்க வைக்கிறது. பாடல் காட்சிகளில் லதா சிந்திய புன்னகை வேடமா, உண்மையா? வேடமாகத் தொடங்கிய காதல் உண்மையாகிவிட்டது என்று லதா இறுதியில் சொல்வதால், எந்தக் காட்சியில் அந்த மாற்றம் நிகழ்ந்தது என்ற தேடல் ரசிகருக்கு மிஞ்சுகிறது. சிவாஜியின் நடிப்பு மிகையானது என்ற குற்றச்சாட்டும் இங்கே வலுவிழக்கிறது. கோபால் உள்ளே குற்றவுணர்வோடும் வெளியே பெருமித நடையோடும் வாழும் மனிதர். ரயில் ஓசை கேட்டாலே அவர் நிலைகுலைவதும், அடுத்த நொடியில் தன்னைச் சரிசெய்துகொள்வதும் பாத்திரத்தின் இயல்பு. சாந்தமான, துயரம் சுமக்கும் பெண்ணாகவே அறியப்பட்ட சௌகார் ஜானகி இதில் சித்ராவாக மேல்நாட்டு உடையும் மதுக் கிண்ணமுமாகத் தோன்றியது அவருடைய திறனின் வீச்சைக் காட்டியது. கோபால்–லதா இணையும் கோபால்–சித்ரா இணையும் இருவேறு தாளத்தில் அமைந்ததால்தான் கொலைக்கான காரணம் நம்பும்படி இருக்கிறது.

1978 அக்டோபரில் பாரதிராஜா இயக்கத்தில் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' இன்னும் ஒரு படி சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு '16 வயதினிலே' படத்தில் கோவணம் கட்டிய சப்பாணியையும் மயிலையும் ரசித்த கூட்டத்துக்கு, அதே கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் வேறு முகத்தோடு வந்தனர். பெண்களைக் கொல்லும் திலீப், துணிக்கடைப் பெண் சாரதாவை மணக்கிறான். புதுமணப்பெண் கணவன் இல்லாத வீட்டில் அறை அறையாகச் சென்று அவன் யார் என்று கண்டுபிடிக்கும் பகுதிதான் படத்தின் உச்சம். அங்கே வசனம் குறைவு; ஸ்ரீதேவியின் கண்களும் மூச்சும் மட்டுமே பேசுகின்றன. கமல்–ஸ்ரீதேவி ஜோடியை ரசிகர் முன்பே விரும்பியிருந்ததால் அந்த அச்சம் இரட்டிப்பானது. புதுமுகங்கள் நடித்திருந்தால் சாரதா தப்ப வேண்டும் என்ற பதற்றம் மட்டும் எழுந்திருக்கும். இவர்கள் நடித்ததால் ஜோடி முறிகிறதே என்ற வேதனையும் சேர்ந்துகொண்டது.

காவல் அதிகாரியின் காதல்

2003 ஆகஸ்டு 1-ல் வந்த 'காக்க காக்க' காவல் அதிகாரியின் காதலைத் தமிழில் மறுவரையறை செய்தது. கௌதம் மேனன் இயக்கிய இந்தப் படத்தில் அன்புச்செல்வனாக சூர்யாவும் பள்ளி ஆசிரியை மாயாவாக ஜோதிகாவும் நடித்தனர். அன்புச்செல்வன் அளந்து பேசுபவர். மாயா தயக்கமின்றிப் பேசுபவர். காதலை முதலில் வெளிப்படையாக முன்னெடுப்பது மாயாவே. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கண்களில் மட்டும் இளகும் சூர்யாவின் நடிப்பு, எதிரே ஜோதிகா துடிப்போடு நின்றதால்தான் எடுபட்டது என்பது ரசிகர் பேச்சில் அடிக்கடி வரும் கருத்து. திருமணம் முடிந்து புதுச்சேரிக்கு வரும் இணை அங்கேதான் வில்லனின் தாக்குதலுக்கு இலக்காகிறது. காயப்பட்டுக் கிடக்கும் நாயகனிடமிருந்தே படம் தொடங்குவதால், பார்வையாளர் காதல் காட்சிகள் முழுவதையும் இழப்பு வரப்போகிறது என்ற உணர்வோடு பார்க்கிறார். அதனால் அவற்றை வேகத்தடை என்று யாரும் சொல்வதில்லை. சூர்யாவும் ஜோதிகாவும் 2006 செப்டம்பரில் மணந்துகொண்டது இந்த ஜோடி மீதான பிரியத்தை மேலும் உறுதிப்படுத்தியது.

அதே இயக்குநரின் 'வேட்டையாடு விளையாடு' 2006 ஆகஸ்டில் வந்தது. கமல்ஹாசனுக்கு அப்போது 51 வயது, ஜோதிகாவுக்கு 27. இவ்வளவு வயது வேறுபாட்டை ரசிகர்கள் பொதுவாகக் குறையாகச் சொல்வர். இங்கே மனைவியை வன்முறையில் இழந்த ராகவனும், மணவாழ்வு முறிந்து உயிரை விடத் துணிந்த ஆராதனாவும் முதிர்ந்த இரு மனிதர்களாகச் சந்திக்கிறார்கள். துள்ளலான காதல் காட்சி எதுவும் இல்லை. விசாரிப்பும் அக்கறையும் மட்டுமே உண்டு. ராகவனின் மனைவி கயல்விழியாக வரும் கமலினி முகர்ஜியின் பகுதி சிறியது. ராகவன் பின்னால் சுமக்கும் துயரத்துக்கு அது வேராக இருப்பதால் நிலைத்துவிட்டது. 2015 பிப்ரவரியில் வந்த 'என்னை அறிந்தால்' படத்தில் அஜித்தின் சத்யதேவும் திரிஷாவின் ஹேமானிகாவும் இதே வழியில் அமைந்தவர்கள். ஹேமானிகா மணமுறிவு பெற்று மகளை வளர்க்கும் நடனக் கலைஞர். சத்யதேவ் அந்தக் குழந்தையிடம் காட்டும் பரிவின் வழியாகவே காதல் நிறுவப்படுகிறது.

இந்த மூன்று படங்களுக்கும் எதிராக ரசிகர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே நாயகி கொல்லப்படுகிறாள் என்பது அது. கதைக்குள் அவளுக்கென்று வேலையும் விருப்பமும் குரலும் தரப்பட்டிருப்பதால்தான் அந்த மரணம் வலிக்கிறது. அப்படித் தந்துவிட்டு அவளைப் பழிவாங்கலுக்கான காரணமாகச் சுருக்குவது நியாயமா என்ற கேள்வியும் அதனால்தான் எழுகிறது. இந்தக் குறை நியாயமானது.

புதுச்சேரியின் ஜோடி

2015 அக்டோபரில் வந்த 'நானும் ரௌடிதான்' புதுச்சேரியிலேயே நடக்கும் கதை. விக்னேஷ் சிவன் இயக்க, தனுஷின் வுண்டர்பார் நிறுவனம் தயாரித்தது. காவல் ஆய்வாளர் மீனாகுமாரியின் மகன் பாண்டி, ரௌடியாக வேடம் போடும் இளைஞன். பெற்றோரைப் பறித்த கிள்ளிவளவனைக் கொல்லத் துணிந்தவள் காதம்பரி. விஜய் சேதுபதியும் நயன்தாராவும் இவ்விரு பாத்திரங்களை ஏற்க, ராதிகா மீனாகுமாரியாகவும் பார்த்திபன் கிள்ளிவளவனாகவும் நடித்தனர்.

காதம்பரிக்குக் காது கேட்காது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சை அறிகிறாள். இந்த ஓர் ஏற்பாடு ஜோடியின் நடிப்பை முழுக்க மாற்றுகிறது. பாண்டி அவளிடம் பேச வேண்டுமானால் முகத்துக்கு நேரே நின்றாக வேண்டும். முகம் திருப்பிச் சொன்னால் அது அவளுக்குப் போய்ச்சேராது. காதல் படங்களில் செயற்கையாகப் புகுத்தப்படும் நெருக்கமான பார்வை இங்கே கதையின் தேவையாகிறது. பாண்டி பொய் சொல்லும்போதும் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லப்படாத பயத்தை விஜய் சேதுபதி அந்த முகத்திலேயே மறைத்தாக வேண்டும். தளர்ந்த உடலும் அவசரமில்லாத பேச்சுமாக அவர் தந்த பாண்டி, ரௌடி வேடத்துக்கு ஒவ்வாதவனாகவும் காதலுக்குத் தகுந்தவனாகவும் ஒரே நேரத்தில் தெரிந்தான்.

நயன்தாரா தமிழில் முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசியது இந்தப் படத்தில். அதுவரை அவருடைய பாத்திரங்களுக்குப் பின்னணிக் கலைஞர்களே குரல் கொடுத்தனர். 'ராஜா ராணி'யில் தீபா வெங்கட்டின் குரல் பெரிதும் பாராட்டப்பட்டது. மெருகு குறைந்த நயன்தாராவின் சொந்த உச்சரிப்பு, தன் பேச்சைத் தானே கேட்க முடியாத பெண்ணுக்கு இயல்பாகப் பொருந்தியது. தந்தை இறந்த செய்தியை அறிந்து நொறுங்கும் காட்சியில் அழுகையும் சொல்லும் ஒரே தொண்டையிலிருந்து வந்ததை ரசிகர் உணர்ந்தனர். அந்த ஆண்டின் சிறந்த தமிழ் நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் 2022 ஜூனில் மணந்துகொண்டனர். அதன்பின் ரசிகர் இந்தப் படத்தைப் பார்ப்பதில் திரைக்குப் பின்னால் உருவான காதலும் கலந்துவிட்டது.

திரையில் புதுச்சேரி என்றால் பிரெஞ்சுக் காலக் கட்டடங்களும் கடற்கரைச் சாலையும்தான் பெரும்பாலும் தெரியும். ஊரின் பெருந்திரள் வாழ்வது உட்பகுதியில். விழுப்புரம் சாலையில், உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கும் ரெட்டியார்பாளையம் அத்தகைய பகுதி. அங்கிருக்கும் பார்வையாளருக்குப் பிரெஞ்சுக் கட்டடங்கள் நிற்கும் வெள்ளை நகரத்து வீதி தினமும் கடக்கும் இடமாகையால் அதன் அழகு மட்டும் போதாது. பாண்டி தம் தெருப் பையனைப் போல இருக்கிறானா என்பதே அவருக்குக் கேள்வி. நடிப்பின் உண்மையை ஊர் அறிவால் உரசிப் பார்க்கும் இந்த உரிமை உள்ளூர் ரசிகருக்கே உரியது.

காதல் தேவையில்லாத இடங்கள்

2016 இறுதியில் வந்த 'துருவங்கள் பதினாறு', 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி' ஆகிய படங்கள் நாயகனுக்குக் காதல் ஜோடி இல்லாமலே வெற்றி பெற்றன. 'கைதி'யில் கார்த்திக்கு ஜோடியும் இல்லை, பாடலும் இல்லை. 2018-ல் வந்த 'ராட்சசன்' படத்தில் விஷ்ணு விஷாலுக்கும் அமலா பாலுக்கும் இடையிலான ஈர்ப்பு விசாரணையின் ஓரத்திலேயே நின்றது. லவ் டிராக் படத்தை இழுக்கிறது என்று சலித்துக்கொள்வதும் ரசிகர்தாம். சூர்யா–ஜோதிகாவைப் பல முறை பார்ப்பதும் அவர்தாம். இதில் முரண் இல்லை. வெட்டி எடுத்தாலும் கதை குலையாத காதலை அவர் நிராகரிக்கிறார். வெட்டினால் கதை நிற்காத காதலை ஏற்கிறார்.

இணையத் தொடர்கள் இந்த வேறுபாட்டை மேலும் தெளிவாக்கின. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூனில் வந்தது. காணாமல்போன நிலாவும் அவளோடு இணைத்துப் பேசப்படும் அதிசயமும் காதலர்களா என்பதே அதில் விசாரணையின் முதல் முடிச்சு. முதன்மை வேடங்களில் நடித்த கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் அந்த முதல் பருவத்தில் காதலர்களாக இணைக்கப்படவில்லை. ஒரே வழக்கில் இரு பக்கங்களிலிருந்து வந்து சேரும் நம்பிக்கையே அவர்களைப் பிணைத்தது. கிள்ளிவளவனாகச் சிரிக்க வைத்த பார்த்திபன், இங்கே தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாக முற்றிலும் வேறு தொனியில் நடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி'யில், கொலையுண்ட வெலோனியின் காதலைப் பற்றி ஊரார் சொல்லும் கதைகளே குற்றத்தின் பகுதியாகின்றன. எஸ்.ஜே. சூர்யாவின் காவல் அதிகாரி அந்தக் கதைகளுக்குள் உண்மையைத் தேடுகிறார்.

உலக அளவிலும் இந்த விவாதம் உண்டு. 1993-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ரசிகர்கள், விசாரணை அதிகாரிகள் மல்டரும் ஸ்கல்லியும் காதலர்களாக வேண்டும் என்றும், கூடவே கூடாது என்றும் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டனர். சொல்லாமல் அடக்கிய அன்பே அந்த நடிப்பின் வலிமை என்பது இரண்டாம் அணியின் வாதம். 'சுழல்' போன்ற தொடர்களைப் பார்க்கும் தமிழ் ரசிகர்களுக்கும் அந்த வாதம் அந்நியமன்று.

ரசிகர் அளவுகோலின் நிறையும் குறையும்

மேற்கண்ட படங்களைத் தொகுத்துப் பார்த்தால் ரசிகர் தீர்ப்பின் உள்ளீடு தெரியும். ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்பதை அவர் கவனிக்கிறார். குரல் உடலோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். காதல் கதையை நகர்த்துகிறதா என்று கேட்கிறார். இழப்பு நேர்ந்தால் அது முகத்தில் எவ்வளவு காலம் தங்குகிறது என்று அளக்கிறார். இவை நடிப்புப் பயிற்சியில் கற்பிக்கப்படும் அளவுகோல்களிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

குறைகளும் உண்டு. நிறம், உயரம், உடல்வாகு ஆகியவற்றை வைத்து ஜோடி செட்டாகவில்லை என்று தள்ளுவது நடிப்பைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. வயது வேறுபாட்டில் நாயகனுக்குச் சலுகையும் நாயகிக்குக் கண்டிப்பும் காட்டப்படுகின்றன. காதல் காட்சி சோபிக்காவிட்டால் பழி பெரும்பாலும் நடிகையின் மீதே விழுகிறது. எழுத்தின் குறையும் இயக்கத்தின் குறையும் பேசப்படுவதில்லை. நடிகர்களின் சொந்த வாழ்க்கையைத் திரை ஜோடியோடு கலந்து தீர்ப்பு எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

தொல்காப்பியம் தந்த பத்து ஒப்புமைகளில் உருவமும் வயதும் இரண்டு மட்டுமே. அன்பும் அருளும் உணர்வும் அவற்றோடு சமமாக நிற்கின்றன. தமிழ் ரசிகர் குற்றக் கதையின் ஜோடியை எடைபோடும்போது இந்த அகப் பொருத்தங்களுக்கு முதலிடம் தர வேண்டும். அப்படித் தந்த இடங்களில், பண்டரிபாயின் உஷா முதல் நயன்தாராவின் காதம்பரி வரை, அவருடைய தீர்ப்பு காலத்தால் பிழையென்று ஆகவில்லை.